முதலில் கால் வீக்கம், பிறகு பௌர்ணமி

கேள்வி: எனக்கு வயது 34. கூட்டுறவு வங்கியில் வேலை. லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அழுதேன். அதற்கப்புறம் எப்படியோ எல்லாவற்றையும் கிண்டலாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஸ்டீராய்டால் முகம் உப்பியபோது, "பௌர்ணமி வந்தாச்சு, அமாவாசைக்கு டாக்டர்தான் தேதி குறிக்கணும்" என்றேன். முடி கொட்டியபோது, "இப்ப என் தலையைவிடச் சீப்புக்குத்தான் அடர்த்தியான முடி" என்றேன். வெயில் ஆகாது என்பதால் குடை இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. நான் செருப்பு மாட்டினாலே வீட்டுக்காரர் "உற்சவர் புறப்பாடு!" என்று குரல் கொடுப்பார். லூபஸ் என்றால் ஓநாய் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதிலிருந்து என் ஏழு வயது மகள் தினமும் காலையில், "அம்மா, உன் ஓநாய் தூங்குதா, முழிச்சிருக்கா?" என்று கேட்கிறாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உனக்கு எல்லாம் விளையாட்டாப் போச்சு" என்று அழுகிறார். ஆபீசில் ஒருவர், "லீவு வேணும்னா எங்களுக்கும் ஒரு லூபஸ் வாங்கிக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா ஒருவர், சிரித்தாலே நோய் போய்விடும், மாத்திரையைக் குறை என்கிறார். ஒரு மாதமாகக் கால் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, பாத்ரூமில் சோப்புப் போடாமலே நுரை வருகிறது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் உங்களுக்கு எழுதச் சொன்னாள். நான் சிரிப்பது தப்பா? எதையாவது மறைக்கிறேனா? ஓநாய் எப்போது போகும் என்று மகள் கேட்டால் என்ன சொல்வது?

— பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பௌர்ணமிக்குச் சிரித்தேன். சீப்புக்குச் சிரித்தேன். 'உற்சவர் புறப்பாடு' என்று படித்ததும் பக்கத்து அறையிலிருந்து செவிலியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பூரி வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகவே சிரிக்கலாமா என்ற கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் காத்திருக்கக் கூடாது. இந்தப் பதில் வெளியாகும்வரை நீங்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஆசிரியர் குழு மூலம் உங்களுக்கு முன்பே செய்தி அனுப்பச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப் போலவே கால் வீக்கத்தை ஒரு கிண்டலில் கடந்துபோகிற மற்றவர்களுக்காகவும்தான்.

லூபஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. அது வலிக்காது, எரியாது, காய்ச்சலும் வர வேண்டியதில்லை. ரத்தத்தில் புரதத்தைத் தேக்கி வைக்க வேண்டிய வடிகட்டி கசிய ஆரம்பிக்கிறது. புரதம் சிறுநீரில் இறங்குவதால் நுரை கட்டுகிறது. ரத்தத்தில் புரதம் குறைவதாலும் உப்பும் நீரும் உடம்பில் தேங்குவதாலும் கால் வீங்குகிறது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து பத்து நொடி அமுக்கிப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் அது நீர் வீக்கம்.

சிறுநீர்ப் பரிசோதனை, அதிலே புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) உள்ள விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின், ஆல்புமின் என்ற புரதம், லூபஸ் எவ்வளவு சீறுகிறது என்று காட்டும் சி3, சி4, இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பொருள், கூடவே ரத்த அழுத்தம். இவை உடனே தெரிய வேண்டும். "கிரியாட்டினின் நார்மல்தானே" என்று யாராவது சமாதானம் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தில் லூபஸ் ஆரம்பிக்கும்போது கிரியாட்டினின் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும், சிறுநீர்தான் முதலில் சொல்லும். புரத விகிதம் 0.5-ஐத் தாண்டி அப்படியே நின்றால், சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவர் யோசிப்பார். அந்தப் பேச்சு வந்தால் பயந்து ஓடிவிடாதீர்கள். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது அந்தத் துளிச் சதையைப் பார்த்துத்தான் முடிவாகும். நேரத்தோடு ஆரம்பித்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்துகள் உண்டு. ஒருவேளை வீக்கத்துக்கு வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளே கால்களை வீங்க வைக்கும். அதையும் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், ஊகம் அல்ல.

படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவரைக் கேட்காமல் மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் நோயுற்ற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூரியைத் தங்கையிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

பத்து வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு தையல்காரப் பெண் வந்துகொண்டிருந்தார். வயது இருபத்தாறு. அவர் உள்ளே வந்தாலே அறை கலகலப்பாகிவிடும், காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்த அலுப்பு போய்விடும். ஒருமுறை, "ஜாக்கெட் அளவு எடுக்கிற டேப்பை இப்ப என் காலுக்குத்தான் சுத்துறேன் டாக்டர், வாரத்துக்கு வாரம் அளவு ஏறுது" என்றார். நான் சிரித்தேன், சீட்டு எழுதிக் கொடுத்தேன். குனிந்து அவர் கணுக்காலை அமுக்கிப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியிருந்தது, சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. சிகிச்சையில் தேறினார், இன்றும் தைக்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதம் என்னால் போனது. அவர் எதையும் மறைக்கவில்லை. வாரக் கணக்கோடு, அளவு ஏறுகிறது என்று தெளிவாகவே சொன்னார். என் காதில்தான் வேடிக்கை மட்டும் விழுந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

அன்றிலிருந்து என் நோயாளிகள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். மருத்துவர் அறையில் முதலில் செய்தி, பிறகு வேடிக்கை. "ஒரு மாதமாக இரண்டு காலும் வீங்குகிறது, அமுக்கினால் குழி விழுகிறது, சிறுநீர் நுரைக்கிறது." இதை முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லுங்கள். அவர் எழுதி முடிக்கட்டும். அதற்குப் பிறகு பூரி, பௌர்ணமி எல்லாம் வரட்டும், அவரும் நன்றாகச் சிரிப்பார். கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். சிரித்த முகத்தோடு உள்ளே வருபவரைப் பார்த்ததும் 'இவர் நன்றாக இருக்கிறார்' என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. சிரித்தபடி பேசும் பழக்கத்தை அந்த அறையில் உங்களால் மாற்ற முடியாது என்று தோன்றினால், முதல் நாள் இரவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, உட்கார்ந்ததும் நீட்டிவிடுங்கள்.

சிரிப்பது தப்பா என்றால், இல்லை, தப்பே இல்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் நோயின் கதையை நினைத்துப் பாருங்கள். கிருமியை விரட்ட வேண்டிய காவல் சொந்த உடம்பின் மீதே பாய்கிறது. இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஓடும் வயதில். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் சீப்பைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. அசதி எந்த ஸ்கேனிலும் தெரியாது. எது எப்போது வரும் என்று உங்கள் கையில் இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. 'மூஞ்சி வீங்கிடுச்சு' என்று ஊர் சொல்லும் முன் 'பௌர்ணமி' என்று நீங்கள் சொன்னீர்கள். வளர்பிறை வந்தால் தேய்பிறையும் வரும் என்ற நம்பிக்கை அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவப்படியும் அது உண்மைதான். ஸ்டீராய்டு அளவு இறங்க இறங்க முகமும் வற்றும். ஆறு மாதம் அழுத ஒருவர் தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்ட மருந்து என்றுதான் அதை நான் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் மாமா சொல்வது வேறு. 2011-ல் ஆக்ஸ்ஃபர்டில் ராபின் டன்பர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. வேடிக்கைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், சிரிப்பில்லாத காட்சிகளைப் பார்த்தவர்களுக்கும், கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்குவது போன்ற வழிகளில் வலியைத் தாங்கும் திறனை அளந்தார்கள். சிரித்தவர்கள் கூடுதலாகத் தாங்கினார்கள். மற்றவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிப்பதற்கு இந்தப் பலன் உண்டு. ராத்திரி வலியோடு படுத்திருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லி நீங்கள் குலுங்கிச் சிரித்தால் வலி கொஞ்சம் விலகி நிற்பது பொய்யல்ல. ஆனால் சிரிப்பு சிறுநீரகத்தின் கசிவை அடைக்காது.

மாமா அன்பால்தான் சொல்கிறார். இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டு ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். பல மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆரம்பத்தில் மலேரியாவுக்காக வந்த மருந்து. லூபஸில் அது அன்றாடம் பலன் காட்டாது, மாதக் கணக்கில் மெதுவாக வேலை செய்து நோய் மறுபடி சீறுவதைக் குறைக்கும். 'ஒண்ணும் பண்ணலையே' என்று பலர் முதலில் கைவிடுவது அதைத்தான். கைவிட்ட சில மாதத்தில் நோய் திரும்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த மருந்து நாள்பட்டால் அரிதாகக் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பத்தில் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்து வருடம் ஆன பிறகு வருடா வருடம் ஒன்று. சிறுநீரகம் பாதித்திருந்தால் கண் பரிசோதனையை இன்னும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது உங்கள் ஆபீசுக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் மக்கள் எப்படியெல்லாம் சிரிக்கிறார்கள் என்று பார்த்து 2003-ல் அதை நான்காகப் பிரித்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்த நான்குமே இருக்கின்றன. 'உற்சவர் புறப்பாடு' ஆட்களைச் சேர்க்கிற சிரிப்பு. முடி கொட்டியபோது சீப்பைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு நீங்களே தெம்பு சொல்லிக்கொண்டது. 'எங்களுக்கும் ஒரு லூபஸ்' என்று அந்த மனிதர் சொன்னது குத்துகிற சிரிப்பு. நான்காவதுதான் எனக்குக் கவலை. மற்றவர்கள் நம்மை விட்டுவிடக் கூடாதே என்பதற்காக, நம்மைத் தாழ்த்துகிற பேச்சுக்கு நாமே சேர்ந்து சிரிப்பது. "நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். இந்த நான்காவது வகை அதிகமாக இருப்பவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

உங்கள் வேடிக்கையைக் கேட்டு அவருக்குத் துணிச்சல் வந்திருக்கலாம். 'அவளே கிண்டல் பண்றா, நாமளும் பண்ணலாம்' என்று. அப்படி இல்லை என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். கூட்டத்தில் வேண்டாம், தனியாக இருக்கும்போது குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள்: "சார், அதை நான் சொன்னா எனக்கு ஆறுதல். நீங்க சொன்னா வலிக்குது. அந்த லீவு நாள்ல நான் எழுந்து நிக்க முடியாமக் கிடந்தேன்." பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் கூசிப்போவார்கள். கூசாவிட்டாலும், அடுத்த முறை நீங்கள் சிரிக்காமல் இருந்தால் போதும். அந்தச் சிரிப்பை அவருக்கு நீங்கள் தர வேண்டியதில்லை. அப்படியே மேலாளரிடம் உங்கள் இருக்கையைப் பற்றியும் பேசுங்கள். ஜன்னலோரம் என்றால் உள்பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள். வெயிலின் கதிர்களில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வரும், குடையை அங்கே பிடிக்க முடியாது.

அம்மாவைப் பற்றி எழுதும்போது என் மனசு கனக்கிறது. உங்கள் வீட்டில் சிரிப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்குப் பௌர்ணமி, வீட்டுக்காரருக்குப் புறப்பாடு, மகளுக்கு ஓநாய். அம்மாவுக்கு மட்டும் எதுவும் இல்லை. நீங்கள் மூவரும் சிரிக்கும்போது அவர் தன் பயத்தோடு தனியாக நிற்கிறார். 'இவளுக்குத் தன் நோயின் ஆழம் தெரியவில்லை, தெரிந்தது எனக்கு மட்டும்தான்' என்று நினைக்கிறார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். கால் வீக்கத்தைப் பற்றி நீங்கள் சிரிக்காமல் மருத்துவரிடம் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு நாள், வேடிக்கை எதுவும் சொல்லாமல், அவர் மடியில் தலை வைத்து "எனக்கும் பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்கத்தான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவரும் சிரிப்பாரா என்றால், சிரிக்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. எல்லோருக்கும் ஒரே மருந்து ஒத்துக்கொள்வதில்லை.

வேடிக்கையோடு பழகிய வீடுகளில் இன்னொரு சங்கடமும் வருவதுண்டு. சிரிக்க முடியாத நாளில்கூட எல்லோரும் நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டியது ஒரு கடமைபோல் ஆகிவிடும். என்னிடம் வரும் ஓர் ஆசிரியை வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். குழாயில் தண்ணீர் வராத காலத்தில் வளர்ந்தவர் அவர். காலையில் எழுந்ததும் "இன்னைக்கு ஏழு குடம்" அல்லது "இன்னைக்கு ரெண்டு குடம்தான்" என்று மட்டும் சொல்வார். ரெண்டு குடம் என்றால் சமையல் வீட்டுக்காரருடையது, மாமியார் எதுவும் கேட்க மாட்டார், பிள்ளைகள் ஓசையில்லாமல் பள்ளிக்கூடம் போய்விடும். ஒரு குடம் சமையலுக்கு, ஒன்று வேலைக்கு, மிச்சம் எதற்கு என்று தண்ணீரைப் பங்கிட்டு வளர்ந்த யாருக்கும் இது விளங்கும். விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளும் ஒரு சொல்லை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் குடையை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்தால், இதையும் புரிந்துகொள்வார் என்றே தோன்றுகிறது.

தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, பிடித்தது பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதையும் கால் வீக்கம்போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டே மனநிலையையும் தூக்கத்தையும் குலைக்கும். லூபஸ் மூளையையும் தொடலாம். ஆகவே அதை உங்கள் பலவீனம் என்று எண்ணி மறைக்காதீர்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக உங்கள் மகள். ஓநாய் எப்போது போகும் என்று கேட்டால் போய்விடும் என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுக் குழந்தைகள் கணக்கு வைத்துக்கொண்டு கேட்கும். "போகாது கண்ணு. ஆனா நல்லாத் தூங்கும். அம்மா தினமும் சாப்பிடுற மாத்திரைதான் அதைத் தூங்க வைக்குது. சில நாள் முழிச்சுக்கும், அப்ப டாக்டர்கிட்ட போவோம்." இவ்வளவு போதும், இவ்வளவும் உண்மை. உன்னால்தான் அது முழித்துக்கொண்டது என்று அவள் ஒருநாளும் நினைத்துவிடக் கூடாது. குழந்தைகள் அப்படி நினைத்துக்கொண்டு வெளியில் சொல்லாமல் இருப்பதுண்டு, ஆகவே அவள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போது கால் வீக்கத்துக்காக ஆஸ்பத்திரி போகும்போதும், ஓநாய் முழித்துக்கொண்டதா என்று பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அவள் உங்களுக்கு உதவ ஆசைப்படுவாள். மாத்திரை டப்பாவை மட்டும் அவள் கையில் கொடுக்க வேண்டாம், எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒன்றிரண்டே சின்னக் குழந்தையின் இதயத்தைப் பாதித்துவிடும். அதற்குப் பதிலாக, ராத்திரி நீங்கள் மாத்திரையை விழுங்கியதும் அவள் தினசரி காலண்டரில் அன்றைய தாளின் மூலையில் தூங்குகிற ஓர் ஓநாயை வரையட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கிழித்த தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்த நாளில் ஓநாய் இல்லையோ அந்த நாளெல்லாம் மாத்திரை விட்டுப்போனது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.